தாய்லாந்தில் பைக் ஓட்டும் தமிழர்களுக்கு: லைசென்ஸ், டான் (போலீஸ் சோதனை), அபராதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்துக்கு வேலைக்கு வரும் நம் ஆட்கள் முதல் மாதச் சம்பளம் கையில் வருவதற்குள் ஒரு பைக் பிடித்துவிடுகிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. நம்மூர் போலவே இடப்பக்கப் போக்குவரத்து. பாங்காக்கை விட்டுத் தாண்டினால் பேருந்து குறைவு. வாடகைக்கு ஹோண்டா கிளிக் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. நான் சோன்புரி மாகாணத்தில் ஸ்ரீராச்சா பக்கம் ஏழு வருடமாக இருக்கிறேன். பழைய ஹோண்டா வேவ் ஒன்று வைத்திருக்கிறேன். புதிதாக வருகிற தம்பிகள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்திய லைசென்ஸ் இருக்கிறது, அதிலேயே ஆங்கிலத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது. அது போதாதா?

போதாது. கூடவே ஐ.டி.பி. வேண்டும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்று தமிழில் சொல்லலாம், ஆனால் ஆர்டிஓ ஆபீசில் ஐ.டி.பி. என்றுதான் கேட்க வேண்டும். 1949-இல் ஜெனீவாவில் போட்ட சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி இந்தியா இதைக் கொடுக்கிறது; தாய்லாந்தும் அந்த உடன்படிக்கையை ஏற்ற நாடு என்பதால் இங்கே செல்லும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐ.டி.பி. தனியாக நிற்காது. அது உங்கள் ஊர் லைசென்ஸுக்கு ஒரு மொழிபெயர்ப்பு மாதிரி. எனவே பாஸ்போர்ட், ஐ.டி.பி., அசல் இந்திய லைசென்ஸ் மூன்றும் கையில் இருக்க வேண்டும். லைசென்ஸை அம்மாவிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு ஐ.டி.பி.யை மட்டும் எடுத்து வந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். கூரியரில் வந்து சேரும்வரை பையன் நடந்தே போனான்.

கார் லைசென்ஸ் மட்டும் இருக்கிறது. 125 சிசி ஸ்கூட்டர்தானே, ஓட்டலாமா?

கூடாது. ஐ.டி.பி.யின் கடைசிப் பக்கத்தில் வாகன வகைகள் கட்டம் கட்டமாக இருக்கும். பைக்குக்கு 'ஏ', காருக்கு 'பி'. 'ஏ' கட்டத்தில் முத்திரை இல்லையென்றால், பைக்கைப் பொறுத்தவரை உங்களிடம் லைசென்ஸே இல்லை என்றுதான் கணக்கு. இங்குள்ள போலீஸ்காரர்கள் ஆங்கிலம் படிக்கிறார்களோ இல்லையோ, அந்த முத்திரை எங்கே இருக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

முத்திரை விழ வேண்டுமென்றால் உங்கள் இந்திய லைசென்ஸில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான எம்.சி.டபிள்யூ.ஜி. இருக்கிறதா என்று புறப்படுவதற்கு முன்னாலேயே பாருங்கள்.

ஐ.டி.பி. எங்கே வாங்குவது?

உங்கள் லைசென்ஸ் எந்த ஆர்டிஓவில் இருக்கிறதோ அங்கே. பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் சாரதி பகுதிக்குள் போய் 4ஏ படிவத்தை நிரப்பி, 1,000 ரூபாய் கட்டி, பாஸ்போர்ட் நகலை வைக்க வேண்டும். ஒரு வருடம் செல்லும். ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

இணையத்தில் 'பத்து வருட ஐ.டி.பி., 49 டாலர்' என்று விற்கிறார்களே, அவை வெறும் அச்சடித்த காகிதம். இந்திய லைசென்ஸ்காரருக்கு இந்திய ஆர்டிஓ கொடுப்பதுதான் ஐ.டி.பி.

வந்த பிறகுதான் நினைவு வந்தது. இங்கிருந்தே எடுக்க முடியுமா?

ஏற்கெனவே வாங்கிய ஐ.டி.பி. வெளிநாட்டில் இருக்கும்போது காலாவதியானால் இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம் என்று 2021 ஜனவரியில் விதி வந்தது. முதல் தடவை எடுப்பவர் அதைவிட நேராகத் தாய்லாந்து லைசென்ஸ் எடுப்பதே சுலபம். அதற்குக் கீழே வருகிறேன்.

நான் மலேசியத் தமிழன். எனக்கும் இதே கதையா?

இல்லை. ஆசியான் நாடுகளுக்குள் ஒருவர் லைசென்ஸை மற்றவர் ஏற்பது என்று 1985-இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். மலேசிய, சிங்கப்பூர் லைசென்ஸ் இங்கே அப்படியே செல்லும். பைக் வகை அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இலங்கைத் தமிழர்களுக்கு இந்தியர்களின் கதைதான்: இலங்கையும் 1949 உடன்படிக்கையில் உண்டு, ஐ.டி.பி. எடுத்து வர வேண்டும்.

ஐ.டி.பி.யிலேயே வருடா வருடம் ஓட்டிக்கொண்டிருக்கலாமா?

அது வந்து போகிறவர்களுக்கான ஏற்பாடு. இங்கேயே குடியிருந்து வேலை செய்கிறவருக்கு அல்ல. வொர்க் பெர்மிட் கைக்கு வந்ததும் தாய் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். தாய்லாந்து மொழியில் 'பை கப் கீ'. இந்த மூன்று சொல்லைச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நீட்டினால் போலீஸ்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையசைத்து அனுப்பிவிடுவார். சில இடங்களில் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம்கூட உள்ளூர் விலைக்கு இறங்கும். அது கவுண்டரில் இருப்பவரின் மனசைப் பொறுத்தது.

சரி, தாய் லைசென்ஸுக்கு என்னென்ன வேண்டும்?

ஆபீசின் பெயர் தரைவழிப் போக்குவரத்துத் துறை. எல்லோரும் 'கொன்சோங்' என்பார்கள். பாங்காக்கில் ஐந்து கிளைகள். சத்துச்சக் பூங்கா பக்கம் இருப்பது பெரியது, சுகும்வித் பக்கம் இருப்பவர்கள் பிரா கனோங் கிளைக்குப் போவார்கள். மற்ற ஊர்களில் மாகாணத்துக்கு ஒரு தலைமை அலுவலகம் இருக்கும். டிஎல்டி ஸ்மார்ட் கியூ என்ற செயலியில் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

எடுத்துப் போக வேண்டியவை: பாஸ்போர்ட்டும் விசாப் பக்கங்களின் நகலும், முகவரிச் சான்று, மருத்துவச் சான்று, இருந்தால் இந்திய லைசென்ஸும் ஐ.டி.பி.யும்.

இதில் இழுத்தடிப்பது முகவரிச் சான்றுதான். வொர்க் பெர்மிட்டில் முகவரி இருந்தால் அதையே வைக்கலாம். இல்லையென்றால் குடிவரவு அலுவலகத்தில் வசிப்பிடச் சான்று வாங்க வேண்டும். அங்கே போனால் 'டிஎம் 30 எங்கே' என்று கேட்பார்கள். வெளிநாட்டவர் ஒருவர் தன் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்கும் படிவம் அது. வீட்டுக்காரம்மா அதைப் பதிவு செய்யவே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரியவரும். எனக்கு அப்படித்தான் ஆனது, இரண்டு நாள் வேலைக்கு லீவு போட்டேன். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே டிஎம் 30 பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவச் சான்று தெருமுனை கிளினிக்கிலேயே கிடைக்கும். ஒரு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, முத்திரை குத்துவார்.

தேர்வு கஷ்டமா?

உங்கள் கையில் செல்லுபடியாகும் இந்திய லைசென்ஸும் பைக் வகை உள்ள ஐ.டி.பி.யும் இருந்தால் எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டுவதும் பெரும்பாலும் விலக்கு. உடல் சோதனை மட்டும் எல்லோருக்கும் உண்டு. ஆனால் கொன்சோங்குக்குக் கொன்சோங் நடைமுறை கொஞ்சம் மாறும், கவுண்டரில் வாதாடிப் பயனில்லை.

உடல் சோதனை வேடிக்கையாக இருக்கும். முதலில் நிறம்: சிவப்பு, மஞ்சள், பச்சை என்று விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தாய்லாந்து மொழியில் தேங், லுவாங், கியாவ். ஆங்கிலத்தில் சொன்னாலும் ஏற்பார்கள். அடுத்து ஒரு பெட்டிக்குள் இரண்டு குச்சிகள் தெரியும். கையில் உள்ள பொத்தானை அழுத்தி ஒன்றை நகர்த்தி மற்றதோடு நேர்க்கோட்டில் நிறுத்த வேண்டும். தூரத்தைக் கண் சரியாகக் கணிக்கிறதா என்று பார்க்கிறார்கள். அப்புறம் ஓர் இயந்திரத்தில் முகத்தை வைத்து நேராகப் பார்த்தபடியே ஓரத்தில் எரியும் விளக்கின் நிறத்தைச் சொல்ல வேண்டும். கடைசியில் பிரேக். ஆக்ஸிலேட்டரில் கால் வைத்திருக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் முக்கால் நொடிக்குள் பிரேக்கை மிதிக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் விளக்கு எரிவதற்கு முன்பே மிதித்துக்கொண்டிருந்தார். வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்தோம், சோதனை நடத்திய அம்மாவும் சிரித்துவிட்டார். மூன்றாவது முறை தேறிவிட்டார்.

முதலிலிருந்து எடுக்கிறவர்களுக்கு ஐந்து மணி நேர வகுப்பு, அப்புறம் கணினியில் 50 கேள்விகள். 45 சரியாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதலாம், ஆனால் அந்த ஆங்கிலத்தைப் புரிந்துகொள்வதே ஒரு தேர்வு. ஓட்டிக் காட்டுவதில் நம்மூர் மாதிரி எட்டு போடச் சொல்ல மாட்டார்கள். ஏறக்குறைய ஓர் அடி அகலத்தில் தாழ்வான ஒரு மேடை நீளமாக இருக்கும். அதன்மேல் கால் ஊன்றாமல், மெதுவாக, நேராகப் போக வேண்டும். வேகமாகப் போனால் சுலபம், மெதுவாகப் போவதுதான் வித்தை. பிறகு கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், 'நில்' பலகை இருக்கும் இடத்தில் முழுதாக நிறுத்த வேண்டும். நம் ஆட்கள் கோட்டைவிடுவது இங்கேதான். உருண்டுகொண்டே போய் லேசாக பிரேக் பிடிப்பதை நிறுத்துவதாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.

எவ்வளவு செலவு, எத்தனை வருடம்?

முதலில் தருவது தற்காலிக லைசென்ஸ், இரண்டு வருடம், பைக்குக்கு 105 பாட். அது முடியும்போது ஐந்து வருட லைசென்ஸாக மாற்றலாம், 255 பாட். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டினால் மறுபடி எழுத்துத் தேர்வு, மூன்று வருடம் தாண்டினால் எல்லாமே முதலிலிருந்து. தேதிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இங்கே புத்த ஆண்டு. கி.பி.யோடு 543 கூட்டினால் வரும். எனக்கு முதன்முதலில் வந்த அபராதச் சீட்டில் 2563 என்று இருந்தது. ஐந்நூறு வருடம் அவகாசம் இருக்கிறது என்று ஆபீசில் கிண்டலடித்தார்கள்.

டானில் நிறுத்தினால் என்ன நடக்கும்?

'டான்' என்றால் போலீஸ் சோதனை இடம். பட்டாயா, பூக்கெட், சியாங் மாய் மூன்றிலும் இது அன்றாடக் காட்சி. சாலையோரம் கூம்பு வைத்து, நிழலில் ஒரு மடக்கு மேசை போட்டிருப்பார்கள். ஒருவர் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொல்வார். சாவியை அணைத்து, ஹெல்மெட் முகக்கண்ணாடியைத் தூக்கி, 'சவாதி கிராப்' என்று கும்பிடு போடுங்கள். லைசென்ஸ் கேட்பார். இருந்தால் பத்து நொடியில் வேலை முடிந்தது.

இல்லையென்றால் மேசைக்குப் போகச் சொல்வார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்குச் சட்டத்தில் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 1,000 பாட் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. டானில் வழக்கமாக 500 முதல் 1,000 பாட் அபராதம் எழுதி அனுப்புவார்கள். லைசென்ஸ் வீட்டில் இருக்கிறது, எடுத்துவரவில்லை என்றாலும் அபராதம் உண்டு.

பழைய ஆட்கள் 'லைசென்ஸைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்' என்பார்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு சாதாரண அபராதத்துக்கு லைசென்ஸைப் பறிமுதல் செய்வதில்லை.

அபராத ரசீதை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டலாமாமே?

இந்தக் கதையை எனக்கு முதல் வாரத்திலேயே சொன்னார்கள். அடுத்த டானில் ரசீதைக் காட்டினால் சில போலீஸ்காரர்கள் ஒரே நாளில் இரண்டு தடவை எழுத வேண்டாமே என்று விட்டுவிடுவது உண்மைதான். அதுதான் வளர்ந்து 'மூன்று நாள் பெர்மிட்' ஆகிவிட்டது. அபராத ரசீது உங்களுக்கு ஓட்டும் உரிமை எதையும் தருவதில்லை. சட்டத்தின் கண்ணில் அடுத்த தெருவிலும் நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர்தான்.

ரசீது இல்லாமல் 200 பாட் கொடுத்தால் விடுவார்கள் என்கிறார்களே?

நீட்டாதீர்கள். அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பவருக்குத் தாய்லாந்துக் குற்றவியல் சட்டத்தில் ஐந்து வருடம் வரை சிறை. விசாவில் இருக்கும் நமக்கு இந்த விளையாட்டு வேண்டாம். 'பை சங்' வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள், அபராதச் சீட்டுக்கு அதுதான் பெயர். அதை வைத்து ஸ்டேஷனிலோ குருங்தாய் வங்கி வழியாகவோ கட்டலாம்.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டுமா?

வேண்டும். 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தத்தில் ஹெல்மெட் அபராதத்தின் உச்சவரம்பு 500 பாட்டிலிருந்து 2,000 பாட்டாக ஏறியது. பின்னால் இருப்பவர் போடாவிட்டால் ஓட்டுபவருக்கு இரண்டு மடங்கு. தாய் மக்களே ஒரே பைக்கில் நான்கு பேர் ஹெல்மெட் இல்லாமல் போகிறார்களே என்று வாதம் செய்யாதீர்கள், அவர்களையும் பிடிக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கை தாய்லாந்தின் சாலைச் சாவுகளில் 74 சதவீதம் இரண்டு, மூன்று சக்கர வண்டிகளில் போனவர்கள் என்றது. வாடகைக் கடையில் தரும் முட்டை ஓடு மாதிரியான ஹெல்மெட்டை நம்பாமல் நல்லதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

இரண்டு பியர் அடித்துவிட்டு ஓட்டலாமா?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரியாது. பொது வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். ஆனால் லைசென்ஸ் இல்லாதவர், இருபது வயது ஆகாதவர், இரண்டு வருடத் தற்காலிக லைசென்ஸ் வைத்திருப்பவர் ஆகியோருக்கு வரம்பு வெறும் 20. அதாவது புதிதாகத் தாய் லைசென்ஸ் எடுத்த நீங்கள் இந்தக் கூட்டத்தில்தான் வருகிறீர்கள். ஒரு பியரே போதும் மாட்ட.

முதல் தடவை பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5,000 முதல் 20,000 பாட் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டு வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் அபராதமே 50,000-இல் தொடங்கும். ஊத மறுத்தால் குடித்ததாகவே வைத்துக்கொள்வார்கள். இதை மேசையில் பணம் கட்டி முடிக்க முடியாது, இரவு லாக்கப், காலையில் கோர்ட். கிராப் செயலியில் டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வாருங்கள்.

நம்மூர்ப் பழக்கத்தில் எங்கே மாட்டுவோம்?

முதலாவது, ஃப்ரீ லெஃப்ட். நம்மூரில் சிவப்பு எரிந்தாலும் இடதுபக்கம் திரும்பிப் போய்க்கொண்டே இருப்போம். இங்கே 'லியாவ் சாய் பான் தலோத்' என்று பலகை இருந்தால் மட்டும்தான் அப்படித் திரும்பலாம். பலகை தாய் எழுத்தில் இருக்கும், அம்புக்குறியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 'சிவப்பு எரியும்போது காத்திரு' என்று சொல்லும் பலகையிலும் அம்புக்குறி இருக்கும். சந்தேகமாக இருந்தால் முன்னால் நிற்கும் தாய் பைக்காரர் என்ன செய்கிறாரோ அதைச் செய்யுங்கள்... என்று சொல்ல ஆசை, ஆனால் அவரும் சில சமயம் மாட்டுகிறார்.

இரண்டாவது, வரிக்குதிரைக் கோடு. 2022 ஜனவரியில் பாங்காக்கின் பயா தாய் சாலையில் கோட்டின் மேல் நடந்துபோன ஒரு பெண் கண் மருத்துவரை, ஒரு போலீஸ்காரரே ஓட்டிவந்த பெரிய பைக் மோதிக் கொன்றது. நாடே கொதித்தது. கோட்டில் ஆள் நின்றால் நிறுத்தாததற்கு இப்போது 4,000 பாட் வரை அபராதம். சிவப்பு விளக்கை மீறினாலும் அதே 4,000.

மூன்றாவது, மேம்பாலம். பாங்காக்கில் பல மேம்பாலங்களிலும் சுரங்கப்பாதைகளிலும் பைக் போகக்கூடாது. உயர்மட்ட விரைவுச்சாலைகளில் எங்குமே கூடாது. ஏறும் இடத்தில் பைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு இருக்கும். கூகுள் மேப்பைக் கார் வழியில் விட்டுவிட்டுப் போனால் நேராகப் பாலத்தில் ஏற்றிவிடும், இறங்குமிடத்தில் போலீஸ் தயாராக நிற்பார்.

மற்றபடி பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். நடைபாதை ஓரம் சிவப்பு வெள்ளை அடித்திருந்தால் நிறுத்தக்கூடாது. ஹாரன் அடிக்காதீர்கள், சட்டத்துக்காகச் சொல்லவில்லை, இங்கே யாரும் அடிப்பதில்லை. அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், கூச்சமாக இருக்கும். விஜயதசமி இரவு சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் பைக்கில் போகத் திட்டமிட்டால் விட்டுவிடுங்கள், சாமி ஊர்வலத்துக்காகச் சாலையை மூடிவிடுவார்கள். ரயிலில் போங்கள்.

பாயின்ட் வெட்டுவது என்றால் என்ன?

2023 ஜனவரி 9 முதல் லைசென்ஸ்காரர் ஒவ்வொருவருக்கும் 12 புள்ளிகள். ஹெல்மெட் இல்லையென்றால் ஒன்று, சிவப்பு விளக்கு இரண்டு, குடித்து ஓட்டினால் நான்கு குறையும். பூஜ்யமானால் 90 நாள் ஓட்டக்கூடாது.

வாடகைக்கு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். நகலும் கொஞ்சம் முன்பணமும் வாங்கிக்கொள்ளும் கடை தேடினால் கிடைக்கும். பைக்கில் கீறல் எங்கெங்கே என்று கடைக்காரர் முன்னாலேயே கைபேசியில் வீடியோ எடுங்கள்.

அப்புறம் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பச்சைப் புத்தகத்தின் நகல் இருக்க வேண்டும், அதுதான் இங்கே ஆர்.சி. புக். வரி ஸ்டிக்கரில் தேதி தாண்டாமல் இருக்க வேண்டும். முக்கியமாகப் 'போ ரோ போ' என்ற கட்டாயக் காப்பீடு. 125 சிசி வரை உள்ள சாதாரண பைக்குக்கு வருடம் 320 பாட் சுமாருக்கு வரும் இந்தக் காப்பீடு மனிதர்களுக்கு மட்டும்தான். பைக்குக்கோ நீங்கள் இடித்த காருக்கோ ஒரு பைசா தராது. 'இன்சூரன்ஸ் இருக்கு' என்று வாடகைக் கடையில் சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

500 பாட் அபராதம் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாமே? எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

தூத்துக்குடிப் பையன் ஒருவன் எங்கள் பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்த்தான். நல்ல ஓட்டுக்காரன். ஐ.டி.பி. எடுக்கவில்லை, இரண்டு முறை டானில் 500 கட்டியிருக்கிறான், அதைச் சுங்கக் கட்டணம் மாதிரி நினைத்தான். ஒரு மழை மாலை, டிப்பர் லாரி சிந்திவிட்டுப்போன மண்ணில் பைக் சறுக்கி விழுந்தான். யாரும் மோதவில்லை. காறை எலும்பு இரண்டாக உடைந்தது. பிளேட் வைத்து அறுவைச் சிகிச்சை. ஆஸ்பத்திரி பில் அவனுடைய மூன்று மாதச் சம்பளம்.

போ ரோ போவிலிருந்து 30,000 பாட் கிடைத்தது. யார் மேல் தவறு என்று பார்க்காமல் ஆரம்ப மருத்துவச் செலவுக்குத் தருவது அது. தானே விழுந்தவனுக்கு அதற்கு மேல் கிடையாது. தவறு இன்னொருவர் மேல் என்று முடிவானால் 80,000 வரை போகும். மிச்சத்துக்குக் கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தான். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம்: வாகனம் ஓட்டியிருந்தால் லைசென்ஸ் எண், வகை, நகல் இணைக்கவும். அந்தக் கட்டத்தை நிரப்ப அவனிடம் ஒன்றும் இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு பத்தியில் மறுப்புக் கடிதம் வந்தது. 'முறையான லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதால்' என்பதுதான் காரணம். நம்மூர்ப் பையன்கள் சேர்ந்து பணம் திரட்டினோம், அவன் அக்கா ஊரில் நகையை அடகு வைத்தார்.

எல்லாக் காப்பீடும் ஒரே மாதிரி இல்லை. சிலதில் பைக் விபத்தே கிடையாது, சிலதில் 125 சிசிக்கு மேல் கிடையாது. உங்கள் பாலிசியை எடுத்து 'மோட்டார் சைக்கிள்' என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று இன்று ராத்திரியே தேடிப் பாருங்கள்.

விபத்து ஆகிவிட்டால் உடனே என்ன செய்வது?

ஓடாதீர்கள். அடித்துவிட்டு ஓடினால் அதுவே தனிக் குற்றம். ஆம்புலன்ஸ் 1669, போலீஸ் 191, ஆங்கிலம் பேசும் சுற்றுலாப் போலீஸ் 1155. வண்டிகள் நிற்கும் நிலையைப் படம் எடுங்கள்.

இங்கே சின்ன விபத்துகள் பெரும்பாலும் ஸ்டேஷனில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசித்தான் முடியும். சத்தம் போட்டவர் தோற்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் மக்கள் குரல் உயர்த்துவதை மன்னிப்பதில்லை. தாய்லாந்து மொழி தெரிந்த சக ஊழியர் ஒருவரை அழைத்துப் போங்கள், புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். லைசென்ஸ் இல்லாததால் மட்டும் தவறு உங்கள் மேல் என்று ஆகிவிடாது. ஆனால் அந்தப் பேச்சுவார்த்தையில் உங்கள் பக்கம் அங்கேயே இறங்கிவிடும்.

வேலை முடிந்து சாயங்காலம் உணவு டெலிவரி ஓட்டலாமா?

வேண்டாம். வாகனம் ஓட்டிச் சம்பாதிப்பது தாய்லாந்தில் வெளிநாட்டவருக்குத் தடைசெய்யப்பட்ட தொழில்களில் ஒன்று. இதில் பிடித்தால் போக்குவரத்துப் போலீஸோடு முடியாது, வொர்க் பெர்மிட்டுக்கே ஆபத்து.

பெரிய பைக் வாங்க ஆசை. இதே லைசென்ஸ் போதுமா?

2021 முதல் 400 சிசி பைக்குகளுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் தனியாகப் பயிற்சியும் தேர்வும் வைத்திருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் கொன்சோங்கில் கேட்டுவிடுங்கள், ஷோரூமில் கேட்டால் 'ஒன்றும் வேண்டாம் சார்' என்றுதான் சொல்வார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது தாய் லைசென்ஸ் அங்கே பயன்படுமா?

உங்களிடம்தான் இந்திய லைசென்ஸ் இருக்கிறதே, அதைவைத்து ஓட்டுங்கள். ஆனால் அது காலாவதியாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஐந்து வருடம் இங்கே ஒழுங்காக ஐந்து வருட லைசென்ஸ் வைத்திருந்த ஒருவர், லீவுக்குப் போன மூன்றாம் நாள் மதுரையில் செத்துப்போன இந்திய லைசென்ஸோடு பிடிபட்டார். அது நான்தான்.